சொல் திரும்பி வரும் வழி

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை. ஒலிப்பதிவிலிருந்து எழுதி, சற்றே சுருக்கப்பட்டது.)



எனக்குக் கொடுத்த நேரம் இருபது நிமிடம். செயலாளர் அவர்கள் "சாப்பாட்டுக்கு முன்னாடி பேசறீங்க, பாத்துப் பேசுங்க" என்று எச்சரித்திருக்கிறார். அதனால் சுற்றி வளைக்காமல் நேரே விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கல்லூரியில் இயற்பியல் முடித்துவிட்டு மைசூருக்குப் போய்ப் பேச்சும் கேட்பும் பற்றிய படிப்பு படித்தவள் நான். அங்கே 1965-ல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்பு நிறுவனத்தில்தான் என் தொழிலைக் கற்றேன். பிறகு கோவைக்கே திரும்பி வந்து, பக்கவாதம் வந்து பேச்சை இழந்தவர்களோடு இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். வருகிறவர்கள் "டாக்டரம்மா" என்பார்கள். வயதானவர்கள் "அம்மிணி" என்பார்கள். நான் டாக்டர் இல்லை, அம்மிணிதான்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு சம்பவம் மறந்திருக்காது. 1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். சென்னையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பக்கவாதம் வந்தது. அமெரிக்காவில் புரூக்ளினுக்குக் கொண்டு போனார்கள். அவர் இங்கே இல்லாமலே தேர்தல் நடந்து, ஆண்டிபட்டியில் ஜெயித்தார். 1985 பிப்ரவரியில் திரும்பி வந்தார். ஆனால் பேச்சு பழையபடி திரும்பவில்லை. அதன் பிறகும் 1987 டிசம்பர் 24 அன்று மறையும் வரை அவர்தான் முதலமைச்சர். அவருக்கு வந்தது மூளையில் சொல் தவறும் கோளாறா, நாக்கும் உதடும் தளர்ந்ததால் வரும் குழறலா என்று வெளியிலிருந்து நாம் முடிவு கட்டக் கூடாது. நான் சொல்ல வருவது வேறு. பேச்சு போன ஒருவரை "புத்தியும் போச்சு" என்று அன்றைக்கு யாரும் ஒதுக்கவில்லை. அந்த மரியாதை நம் ஊர்ப் பெரியவர்களுக்குக் கிடைக்கிறதா? பெரும்பாலும் கிடைப்பதில்லை.

இந்தப் பேச்சிழப்புக்கு மருத்துவத்தில் அஃபேசியா என்று பெயர். நம்மில் பெரும்பாலோருக்கு மொழிக்கான இடம் மூளையின் இடது பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்து ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டாலோ வெடித்தாலோ வலது கை, வலது கால் விழுவதோடு சொல்லும் போய்விடுகிறது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது. நாக்கில் கோளாறு இல்லை, தொண்டையில் கோளாறு இல்லை. அதனால் நாக்கில் வசம்பு தேய்ப்பதும், புறா ரத்தம் தடவுவதும் ஒன்றுக்கும் உதவாது. (சிரிக்காதீர்கள். படித்த வீடுகளிலும் இரண்டும் நடக்கிறது.) பொருள் தெரியும், முகம் தெரியும், கணக்குத் தெரியும். அதற்கான சொல்லை எடுக்கப் போனால் கை வெறுமையாகத் திரும்புகிறது. நமக்கும் எப்போதாவது ஒரு பெயர் நுனி நாக்கில் நின்றுகொண்டு வராமல் படுத்துமல்லவா? அது நாள் முழுக்க, எல்லாச் சொல்லுக்கும் நடந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

1861-ல் பாரிஸில் பால் புரோக்கா என்ற அறுவை மருத்துவர் லெபோர்ன் என்ற நோயாளியைப் பார்த்தார். எதைக் கேட்டாலும் "டான்" என்ற ஒரே ஒலிதான் அவர் பதில். அவர் இறந்த பின் மூளையைத் திறந்து பார்த்து, இடது முன்பகுதியில் சேதம் இருப்பதைப் புரோக்கா காட்டினார். 1874-ல் ஜெர்மனியில் கார்ல் வெர்னிக்கே வேறொரு வகையைச் சொன்னார். இந்த வகையினர் சரளமாகப் பேசுவார்கள். ஆனால் பேச்சில் பொருள் இருக்காது, பிறர் சொல்வதும் சரியாகப் புரியாது. வீட்டார் இவர்களைப் பார்த்துத்தான் பைத்தியம் என்று பயந்து போகிறார்கள். பாவம், அது பைத்தியமே இல்லை.

என்னிடமும் ஒரு "டான்" வந்தார். சோமனூர்ப் பக்கம் விசைத்தறி வைத்திருந்தவர். (ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன்.) எதைக் கேட்டாலும் "அதுதானுங்." பேர் என்னங்க? "அதுதானுங்." சாப்பிட்டீங்களா? "அதுதானுங்." கோபம் வந்தாலும் அதே சொல், அழும்போதும் அதே சொல். ஆனால் அதைச் சொல்லும் ராகம் மட்டும் ஒவ்வொரு தடவையும் வேறு. அவர் மனைவி சொன்னார்: "ஏனுங்க அம்மிணி, பெரிய ஆசுபத்திரியில உசுரக் காப்பாத்திக் குடுத்துட்டாங்க. பேச்சு தானா வரும்னு சொல்லி அனுப்பிட்டாங்க. எட்டு மாசம் ஆச்சுங். வரலைங்." எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாம். ஆனால் "தானா வரும்" என்ற அந்த வாக்கியம் பல இடங்களில் சொல்லப்படுகிறது. முதல் சில மாதங்களில் கொஞ்சம் தானாக வருவது உண்மைதான். மீதியைப் பயிற்சியால்தான் கொண்டுவர வேண்டும்.

எவ்வளவு பயிற்சி? இங்கேதான் சிக்கல். 2017-ல் ஜெர்மனியில் 156 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். பக்கவாதம் வந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆனவர்கள். வாரத்துக்குப் பத்து மணி நேரமாவது, மூன்று வாரம் பயிற்சி கொடுத்ததில் அன்றாடப் பேச்சில் நல்ல மாற்றம் தெரிந்தது. அதாவது காலம் கடந்துவிட்டது என்று கையை விரிக்கத் தேவையில்லை. ஆனால் வாரத்துக்குப் பத்து மணி நேரம் நம் ஊரில் யாரால் கொடுக்க முடியும்? தாராபுரத்திலிருந்து ஒருவரைக் காரில் ஏற்றிக் கோவைக்குக் கொண்டுவந்தால் ஒரு நாள் போய்விடும். கூட வருகிற மகனுக்கு ஒரு நாள் வேலை போகும். கட்டணம் தனி. முதல் மாதம் வாரம் ஒரு முறை வருவார்கள், அடுத்த மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, அப்புறம் போன் மட்டும் வரும், அப்புறம் அதுவும் நின்றுவிடும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என் வீடாக இருந்தாலும் அப்படித்தான் ஆகியிருக்கும்.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் கணிப்பொறி வருகிறது. நோயாளி தானே, தன் வீட்டிலேயே, தன் நேரத்தில் உட்கார்ந்து பயிற்சி செய்வது. இது புதிய யோசனை அல்ல, 1980-களிலேயே முயன்றார்கள். இப்போது கணிப்பொறி எல்லோர் சட்டைப் பையிலும் வந்து விட்டதால் சாத்தியமாகியிருக்கிறது. திரையில் ஒரு படம் வரும். பெயரைச் சொல்ல முயல வேண்டும். வரவில்லை என்றால் ஒரு பொத்தானை அழுத்தினால் முதல் ஒலி மட்டும் கேட்கும். அப்போதும் வரவில்லை என்றால் பாதி வாக்கியம் கேட்கும். கடைசியாக முழுச் சொல்லும் கேட்கும், கூடவே திருப்பிச் சொல்ல வேண்டும். நாளைக்கு அதே படம் மறுபடி வரும். அலுப்பான வேலைதான். ஆனால் திரை அலுத்துக்கொள்ளாது, "இப்பத்தானே சொல்லிக் குடுத்தேன்" என்று எரிந்து விழாது. முதலில் தானே முயல்வதும், அப்புறம் துப்புக் கிடைப்பதும் முக்கியம். சொல்லை ஒவ்வொரு முறை தேடி எடுக்கும்போதும் அந்தப் பாதை கொஞ்சம் தேய்ந்து வழியாகிறது. சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் அது நடக்காது.

இது வேலை செய்கிறதா என்று இங்கிலாந்தில் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் பெரிய அளவில் சோதித்தார்கள். "பிக் காக்டஸ்" என்று பெயர். 2019-ல் முடிவு வெளியானது. 278 பேர். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இன்னொரு பிரிவுக்கு அதோடு தினம் 20, 30 நிமிடக் கணிப்பொறிப் பயிற்சி, ஆறு மாதம். மூன்றாம் பிரிவுக்கு வழக்கமான சிகிச்சையோடு புதிர்ப் புத்தகங்கள். வெறும் கவனிப்பால் வரும் பலனைப் பிரித்துப் பார்க்கத்தான் இந்த மூன்றாவது பிரிவு. நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் சுழித் திருத்தம் பார்ப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் அவரவர் வாழ்க்கைக்கு வேண்டிய நூறு சொற்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்கள். கணிப்பொறிப் பிரிவினர் அந்தச் சொற்களில் மற்றவர்களைவிட ஏறத்தாழ 16 சதவீதம் கூடுதலாக முன்னேறினார்கள். சராசரியாக அவர்கள் செய்த பயிற்சி 28 மணி நேரம். நேருக்கு நேர் அவ்வளவு நேரம் கொடுப்பது அங்கேயே நடக்காத காரியம்.

இத்தோடு நிறுத்திவிட்டால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும். அந்த ஆய்வே இன்னொன்றையும் சொன்னது. சொற்கள் வந்தன, உரையாடல் தேறவில்லை. பயிற்சி செய்த சொல் படத்தைப் பார்த்தால் வருகிறது. சம்பந்தி வீட்டில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசும்போது வருவது தனிக் கதை. பயிற்சி செய்யாத சொற்கள் தாமாக வந்து ஒட்டிக் கொள்ளவும் இல்லை. கைப்பேசிச் செயலி விற்கிறவர்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான். ஆகவே எந்த நூறு சொல் என்பதை மிகவும் யோசித்து எடுக்க வேண்டும். திரையில் கற்ற சொல்லை அன்று மாலையே வீட்டுப் பேச்சுக்குள் இழுத்து வர ஒரு ஆள் வேண்டும்.

இன்னொன்று, அந்த ஆய்வில் "தானே செய்வது" என்றால் தனியே விடுவது என்று பொருள் இல்லை. பயிற்சியாளர் ஒருவர் சொற்களையும் படிநிலைகளையும் அமைத்துக் கொடுத்தார். தொண்டர்களோ உதவியாளர்களோ அவ்வப்போது போய்ப் பார்த்தார்கள். தொண்டர்கள் என்ற சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்வரிசையில் இருக்கும் மாணவர்களே, அதற்குத் திரும்பி வருவேன்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். வெளிநாட்டுச் செயலிகள் நிறைய இருக்கின்றன. அமெரிக்காவில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஸ்வாதி கிரண் என்ற நம் நாட்டுப் பெண்மணி முன்னின்று உருவாக்கிய "கான்ஸ்டன்ட் தெரபி" பெயர் பெற்றது. கனடாவிலிருந்து "டேக்டஸ்" வருகிறது. ஆங்கிலத்தில் வாழ்ந்தவர்களுக்கு நல்லவை, நானே சிலருக்குப் பரிந்துரைத்திருக்கிறேன். ஆனால் ஆயுசுக்கும் காங்கேயத்தில் மாடு கன்றோடு வாழ்ந்தவருக்கு டோஸ்ட்டர் படமும் பனிச்சறுக்குப் படமும் காட்டி என்ன பிரயோசனம்? அவருக்குச் சுகமாக இருந்த காலத்திலேயே அந்தச் சொற்கள் வேண்டியிருக்கவில்லை.

சரி, தமிழில் செய்து விடுவோம் என்றால், எந்தத் தமிழ்? எழுத்துத் தமிழில் "மிளகு நீர்" என்று பதிவு செய்து கொடுத்தால் அவர் "ரசம்" என்று சரியாகச் சொல்லியும் தப்பாகிவிடும். அச்சிட்ட சில படப் பட்டியல்களில் "மகிழுந்து" என்று இருக்கும். காரை மகிழுந்து என்று சொல்லும் பாட்டியை நான் இன்னும் பார்க்கவில்லை. நம் பக்கத்தில் அப்பாவின் அப்பா "அப்பாரு", அம்மாவின் அப்பா "அப்புச்சி", அம்மாவின் அம்மா "அம்மிச்சி". பேச்சைக் கேட்டு மதிப்பெண் போடும் செயலிகளில் இன்னொரு தலைவலி. சென்னை ஐ.ஐ.டி.யில் ஏ.ஐ.4பாரத் குழுவினரும், மத்திய அரசு 2022-ல் தொடங்கிய பாஷிணி திட்டத்தாரும் தமிழ்ப் பேச்சைக் கணிப்பொறிக்குப் புரியவைக்க நல்ல வேலை செய்து வருகிறார்கள். ஆனால் வாய் ஒரு பக்கம் இழுத்த, பாதி சொல்லி நிறுத்துகிற பெரியவரின் கொங்குப் பேச்சு சோதனையிலேயே மிகக் கடினமான சோதனை. சரியாகச் சொன்னவரிடம் சிவப்புக் குறி காட்டி "தவறு" என்றால், மறுநாள் அவர் போனைத் தொட மாட்டார். அதனால் மதிப்பெண் போடும் வசதியை நான் நிறுத்திவைக்கச் சொல்லிவிடுவேன். தன் குரலைப் பதிவு செய்து தானே கேட்டுப் பார்ப்பது போதும். தப்பு அவர்களுக்கே தெரியும்.

கோவையில் இன்னொரு விசேஷம் உண்டு. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். வீட்டில் கன்னடம், தறிக் குடோனில் தமிழ். வேலைக்குப் போன இடத்தில் ஆங்கிலம் அல்லது மலையாளம். இப்படிப்பட்டவருக்குப் பக்கவாதம் வந்தால் எந்த மொழி முதலில் திரும்பும்? ரிபோ என்ற பிரெஞ்சுக்காரர் முதலில் கற்ற மொழி என்றார். பித்ர என்பவர் 1895-ல், நோய் வருமுன் அதிகம் புழங்கிய மொழி என்றார். இரண்டையும் பொய்யாக்கும் நோயாளிகளை நான் பார்த்திருக்கிறேன். ஹைதராபாதில் 608 பக்கவாத நோயாளிகளை வைத்து 2016-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. இரு மொழி தெரிந்தவர்களில் 40.5 சதவீதம் பேருக்கு அறிவுத்திறன் கெடாமல் இருந்தது; ஒரு மொழி மட்டும் தெரிந்தவர்களில் 19.6 சதவீதம்தான். ஆனால் அஃபேசியா வரும் வாய்ப்பு இரு சாராருக்கும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே நான் கேட்கும் கேள்வி எளியது: ராத்திரி சாப்பிடும்போது உங்கள் வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்? அந்த மொழியில் தொடங்குங்கள்.

எனவே வீட்டிலேயே செய்துகொள்ளும் ஒரு முறையை நான் பழக்கப்படுத்தி வருகிறேன். பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. ஒரு கைப்பேசி, அதில் படம் எடுக்கும் வசதி, குரல் பதியும் வசதி. அந்தத் தறிக்காரருக்கு அப்படித்தான் செய்தோம். முதலில் சொற்களைத் தேர்ந்தெடுத்தோம். மனைவி சொன்னார், "தண்ணி, சோறு, பாத்ரூம், இது மூணும் வந்தாப் போதுங்." அவர் வேகமாகத் தலையை ஆட்டினார். நம் ஊர்த் தலையாட்டலில் ஆமாவா இல்லையா என்று ஆண்டவனுக்கே தெரியாது. அதிலும் இந்த நோய் வந்தவர்கள் இல்லை என்பதற்கு ஆமாம் என்று ஆட்டிவிடுவதும் உண்டு. அதனால் கட்டைவிரலை மேலே காட்டு, கீழே காட்டு என்று பழக்கினோம். கட்டைவிரல் கீழே! தண்ணீர் வேண்டுமென்றால் சைகை காட்டினால் வந்துவிடுகிறது, அதற்கு எதற்குச் சொல்? படங்களைப் புரட்டிப் புரட்டி அவர் தொட்டவை: பேரன், பாவு, ஊடை, நாடா, கூலி, பேங்க், சீட்டு, டீ. கடைசியில் ஒரு பழைய கூட்டாளியின் போட்டோ. மனைவிக்கு முகம் சுருங்கிவிட்டது, தன் பேர் பட்டியலில் முதலில் இல்லையே என்று! அதையும் சேர்த்தோம்.

மகன் தறிக் குடோனுக்குப் போய் அவருடைய தறியை, அவருடைய நாடாவைப் படம் எடுத்து வந்தார். புத்தகத்துப் படத்தைவிட அது எவ்வளவோ மேல். ஒவ்வொரு படத்துக்கும் மூன்று பதிவு. முதல் ஒலி மட்டும், "பா..." என்று. பிறகு பாதி வாக்கியம், "தறிக்கு இன்னிக்கு ஏத்தோணும் ஒரு..." என்று. பிறகு முழுச் சொல். குரல் கொடுத்தது பேரன். எந்தச் செயலிக்கும் அந்தக் குரல் கிடைக்காது. இதைக் கணிப்பொறியில் பவர்பாயின்ட்டில் பக்கம் பக்கமாகப் போட்டுக் கைப்பேசிக்கு மாற்றிக்கொள்ளலாம். அது தெரியாதவர்கள் வாட்ஸ்அப்பில் தங்களுக்கென்றே ஒரு குழு வைத்து, படம், அதன் கீழே மூன்று குரல் பதிவு என்று வரிசையாகப் போட்டு வைக்கலாம். முதல் வாரம் பத்துச் சொல் போதும்.

நடைமுறைச் சங்கடங்களைச் சொல்லிவிடுகிறேன், இவையெல்லாம் ஆராய்ச்சிக் கட்டுரையில் கிடைக்காது. முதலாவது, காலை எட்டு மணிக்குக் கைப்பேசி மகனோடு வேலைக்குப் போய்விடும். நோயாளிக்கென்று தனியே ஒன்று வேண்டும், சிம் கூடத் தேவையில்லை. இரண்டாவது, வலது கை வராது என்பதால் இடது கையால் தொடும்படி பொத்தான்கள் பெரிதாக இருக்க வேண்டும். சிலருக்கு வலப்பக்கப் பார்வையும் பாதி போயிருக்கும், திரையின் வலது ஓரத்தில் இருப்பது கண்ணிலேயே படாது. வீட்டார் "சொன்னா கேக்கறதில்லைங்" என்பார்கள், அவருக்குத் தெரிவதே இல்லை. மூன்றாவது, நடுவில் விளம்பரமும் அழைப்பும் வந்தால் குழம்பிவிடுவார். விமானப் பயண நிலையில் போட்டுவிடுங்கள். நான்காவது, பேச வராதவரிடம் சிலேட்டைக் கொடுத்து எழுதச் சொல்வது. பேசுவதும் எழுதுவதும் ஒரே கிணற்றுத் தண்ணீர். பேச்சில் வராத சொல் பெரும்பாலும் எழுத்திலும் வராது. எழுதத் தெரியவில்லை என்று அவரை அவமானப்படுத்தியதுதான் மிச்சமாகும்.

பாட்டைப் பற்றியும் கேட்பார்கள். ஒரு சொல் பேச முடியாதவர் சாமி பாட்டை முழுக்கப் பாடுவார், ஒன்று இரண்டு மூன்று என்று இருபது வரை ஓட்டிவிடுவார். அது தடம் பதிந்த பேச்சு, வேறு வழியில் வருவது. 1973-லிருந்தே ராகத்தோடு பேசப் பழக்கும் முறை இருக்கிறது, சிலருக்கு நன்றாக உதவுகிறது. பாடவிடுங்கள், மனசுக்கு நல்லது. ஆனால் பாட்டு வந்துவிட்டது, பேச்சும் நாளைக்கு வந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

தறிக்காரர் கதை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஏழெட்டு மாதம் விடாமல் செய்தார். பட்டியலில் பாதிக்கு மேல் சொற்கள் வந்தன. "அதுதானுங்" போகவில்லை, அது குடும்பத்தில் ஒருவராகிவிட்டது. தறிக்காரர்கள் வந்தால் "கூலி... பேங்க்... நாளைக்கு" என்று மூன்று சொல்லில் கணக்குத் தீர்த்துவிடுகிறார். அரசியல் பேச முடியவில்லை, கதை சொல்ல முடியவில்லை. டீக்கடைக்குப் போக முதலில் மறுத்தார். கூட்டாளியின் பேரைச் சொல்ல வந்த பிறகு போகிறார். அவ்வளவுதான். பக்கவாதம் வராத மூளை மாதிரி ஆகிவிடும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

குடும்பத்தார் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிடலாம் என்றும் நினைக்கக் கூடாது. நம் நாட்டிலேயே "அட்டெண்ட்" என்ற பெரிய ஆய்வு நடந்தது. லூதியானா சி.எம்.சி.யின் டாக்டர் ஜெயராஜ் பாண்டியன் உள்ளிட்டோர் நடத்தி, 2017-ல் வெளியானது. 14 மருத்துவமனைகள், 1,250 நோயாளிகள். குடும்பத்தில் ஒருவருக்கு மறுவாழ்வுப் பயிற்சி கற்றுக்கொடுத்து வீட்டில் செய்யச் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருப்பவர்களும் இரண்டு பிரிவிலும் 47 சதவீதம். வித்தியாசமே இல்லை. அது நடமாட்டமும் அன்றாட வேலைகளும் பற்றியது, பேச்சைக் குறித்தது அல்ல என்றாலும் எனக்கு அதில் ஒரு பாடம் உண்டு. ஏற்கெனவே குளிக்கவைத்து, ஊட்டிவிட்டு, மாத்திரை கொடுத்து ஓய்ந்து போன மருமகளிடம் இன்னொரு வேலையைக் கொடுத்துவிட்டு, பேர் மட்டும் "குடும்பப் பங்கேற்பு" என்று வைத்தால் அது நடக்காது. சென்னையில் 2015 வாக்கில் "கேர் ஃபார் ஸ்ட்ரோக்" என்று கைப்பேசி வழி உதவித் திட்டம் ஒன்றை உருவாக்கிப் பார்த்தார்கள், நல்ல முயற்சி. அதுவும் உடல் குறைபாடுகளுக்கானது. நம் அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி தருகிறார்கள், வாழ்த்துகிறேன். கால் நடக்க ஆரம்பித்தால் எல்லோரும் கைதட்டுகிறோம். வாய் பேசாததை "வயசாச்சு, விடுங்க" என்று விட்டுவிடுகிறோம்.

விட்டால் என்ன ஆகும்? பத்திரப் பதிவு அலுவலகத்தில் இவரை உட்காரவைத்துக் கட்டைவிரல் ரேகை வாங்கிவிடுகிறார்கள். எதற்கு என்று அவரால் கேட்க முடியாது, வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. இப்படி நிலம் போன வீடுகளை நான் அறிவேன். சட்டம் படித்த நம் நண்பர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், நிரந்தரமான பேச்சு மொழிக் குறைபாட்டுக்கு அஃபேசியாவைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அதன்படி சான்றிதழ் பெறலாம் என்பதே பல வீடுகளுக்குத் தெரியாது. ஸ்வீடனில் தோமஸ் டிரான்ஸ்டிரோமர் என்ற கவிஞருக்கு 1990-ல் பக்கவாதம் வந்து பேச்சு பெரும்பாலும் போயிற்று, வலது கையும் போயிற்று. இடது கையால் பியானோ வாசித்தார், கவிதைத் தொகுதிகளும் வெளியிட்டார். 2011-ல் அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். பேச்சு போனவரிடம் மனசு அப்படியே இருக்கிறது என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

ஒரு அவசரக் குறிப்பு, அறுபதைத் தாண்டிய நம் அணியினருக்கு. முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க வராவிட்டாலோ, பேச்சு திடீரென்று குழறினாலோ, சோடா குடித்துப் படுக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு ஸ்கேன் வசதி உள்ள இடத்துக்குப் போங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

சரி, செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். மூன்று காரியங்கள். உங்கள் வீட்டு அலமாரியில் திரை உடையாத, சார்ஜ் நிற்கிற பழைய கைப்பேசி ஒன்றாவது இருக்கும்; அதைச் சுத்தமாக அழித்துச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். கணிப்பொறித் துறை நண்பர்களே, அமெரிக்காவிலும் பெங்களூரிலும் பெரிய பெரிய மென்பொருள் செய்கிறீர்கள். படம், மூன்று குரல், பெரிய பொத்தான், இணையம் இல்லாமல் ஓட வேண்டும், மதிப்பெண் வேண்டாம். இவ்வளவே உள்ள ஒரு சின்னச் செயலியைச் செய்து தாருங்கள். வீட்டார் தங்கள் படத்தையும் தங்கள் குரலையும் தாங்களே ஏற்றிக்கொள்ளும்படி இருக்கட்டும்.

மூன்றாவது மாணவர்களுக்கு. தொண்டர்கள் என்றேனே, அது நீங்கள்தான். ஆளுக்கு ஒரு வீடு, வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஆறு மாதம். போய் அந்த வாரச் சொற்களைப் பார்த்து, படம் சேர்த்து, கைப்பேசியைச் சரிபார்த்து, அப்புறம் போனை மூடிவைத்துவிட்டு அந்தச் சொற்களை வைத்தே அவரோடு பேச்சுக் கொடுக்க வேண்டும். பதில் வரப் பத்து நொடி ஆகும். அதுவரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்கத் தெரிய வேண்டும். உங்கள் வயதில் அதுதான் கஷ்டம். அதற்கான பயிற்சியை இரண்டு சனிக்கிழமைகளில் நான் தருகிறேன், கட்டணம் இல்லை. முதலில் பன்னிரண்டு வீடுகள்: சோமனூர், சூலூர், பல்லடம், பொள்ளாச்சிப் பக்கம். அவர்கள் சம்மதம் வாங்கிவிட்டேன். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சாப்பாடு முடிந்ததும் பழைய இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு வாருங்கள், நோட்டுப் புத்தகத்தோடு அங்கே இருப்பேன். பைக் உள்ளவர்களுக்குப் பொள்ளாச்சி.